கிணற்றடி மஞ்சள் கல்

எங்கள் மோட்டார் ரூமுக்கு ஒரே சாவிதான். என் வீட்டுக்காரர் ஜீப்பிலிருந்து கழற்றிய பழைய பேரிங் ஒன்றை அதில் கோத்து வைத்திருக்கிறோம். இடுப்பில் செருகினால் புடவையே இறங்கும், அவ்வளவு கனம். ஒரு நாள் தண்ணீர் எங்களுக்கு, மறுநாள் அக்காவுக்கு. பாய்ச்சி முடித்தவர் சாவியை அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். ஆணியில் மாட்டிவிட்டுப் போகக் கூடாது, பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பவும் கூடாது. பாகம் பிரித்த அன்று அப்படிப் பேசிக்கொண்டோம். கிணற்றைப் பங்கு போட்டவர்கள் என்றைக்காவது பேச்சை நிறுத்திக்கொள்வார்கள் என்று பயந்து செய்த ஏற்பாடு அது. கையில் கொடுத்தால் முகத்தைப் பார்த்துத்தானே ஆக வேண்டும்.

அக்கா என்பது கூடப் பிறந்தவள் இல்லை, என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. அண்ணன் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. ஒரே மகளைத் தேவாரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டு, கல்லுக்கால் நட்டுக் கம்பிப் பந்தலில் ஏற்றிய ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சையை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி நான் படுத்துக் கிடந்த நாற்பது நாளும் அவள் முறைக்கும் என் முறைக்கும் அவளே மோட்டார் போட்டாள். முடிந்ததும் சாவியைக் கொண்டுவந்து கட்டிலில் கிடக்கும் என் கையில் வைப்பாள். திரும்ப அவளே எடுத்துக்கொண்டு போவாள். "முறைன்னா முறைதான்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

என் வீட்டுக்காரர் கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறார். விடியும் முன்னே கிளம்பினால் பொழுது சாயத்தான் வருவார். அதனால் எங்கள் ஒரு ஏக்கரும் என் தலையில்தான். நான் பி.காம். படித்தவள். தெருவில் யாருக்கு ஆபீஸ் கடிதம் வந்தாலும் என்னிடம் எடுத்துக்கொண்டு வருவார்கள். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் உண்டு. உண்டு என்று சொல்வதைவிட இருந்தது என்று சொல்லலாம்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் கேரளா வண்டி ஒன்று எங்கள் வண்டிப்பாதையில் வந்து நின்றது. நான்கைந்து பேர் இறங்கினார்கள். முக்காலி வைத்து அளந்தார்கள், குழி தோண்டினார்கள், மஞ்சள் பெயின்ட் அடித்து நம்பர் எழுதிய ஒரு கல்லைக் கொண்டுவந்து எங்கள் கிணற்றுக்கு ஆறே எட்டில் வைத்துச் சுற்றிலும் சிமெண்டு கலவையைக் கொட்டினார்கள். கல் அரைச் சாண் அகலம், முழங்கால் உயரம். என்னைக் கேட்கவில்லை, கொள்ளவில்லை. கண்ணாடி போட்ட ஒரு நடுவயதுக்காரர்தான் அவர்களுக்குத் தலைவர். நான் மண்வெட்டியோடு போய் நின்றதும் அவர் மலையாளமும் தமிழும் கலந்து விளக்கினார். மலைக்கு அந்தப் பக்கம் கடற்கரையில் ஒரு முனையம் வரப்போகிறதாம். வெளிநாட்டிலிருந்து எரிவாயுவை உறைகிற குளிரில் தண்ணீர் போலாக்கிக் கப்பலில் கொண்டுவந்து அங்கே இறக்குவார்களாம். அங்கிருந்து குழாய் மலையேறி, எங்கள் பள்ளத்தாக்கு வழியாகக் கிழக்கே போகுமாம்.

"குழாயிக்கு மேல நெல்லு போடலாம் சேச்சி, காய்கறி போடலாம். கல்லுக்கால் பாடில்ல, பந்தல் பாடில்ல, கிணறும் கூடாது."

"கிணறு இருக்கே, கண்ணு தெரியலையா?"

"மூடணும். பேடிக்கண்டா, கம்பெனி பார்த்துக்கும்" என்றார்.

பயப்படாதே என்று ஒருவர் சொல்லும்போதுதான் பயம் சரியாக உள்ளே இறங்குகிறது. வண்டி போன பிறகு கிணற்றடியில் உட்கார்ந்தேன். கிணறு போனால் என் திராட்சை போகும், வாழை போகும், அக்காவின் ஏக்கரும் காயும்.

அன்று மாலை என் வீட்டுக்காரர் வந்ததும் வராததுமாகக் கேட்டார். ஜீப் ஸ்டாண்டிலேயே பேச்சு அடிபட்டிருக்கிறது.

"கல்லு நட்டுட்டுப் போயிருக்காகளாமே. நம்ம பக்கமா?"

பத்து மணிநேரம் மலைப்பாதையில் வண்டி ஓட்டிக் களைத்த முகம். போன வருடம்தான் கடனை உடனை வாங்கி அந்தக் கிணற்றை ஆழப்படுத்தி, கரையில் கல் கட்டி, மோட்டார் மாற்றியிருந்தார். அந்த முகத்தைப் பார்த்து என் வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"இல்ல. அக்கா பந்தல்ல நட்டிருக்காக."

"எங்கன?"

"நடுவுல."

அவர் பெருமூச்சு விட்டார். பாவம் மதினி என்றார். சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். பொய் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, சத்தியமாக. பயந்த வாயிலிருந்து பொய்தான் முதலில் வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அக்கா அப்போது ஊரில் இல்லை. மகளுக்குப் பேறுகாலம் என்று தேவாரம் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. அவள் முறைக்கும் நானே தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். கல்லை எங்கே வைத்தார்கள் என்று பார்த்தது நான் ஒருத்திதான். எங்கள் பந்தலுக்குள் நுழைந்துவிட்டால் வெளியே நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. இலை அவ்வளவு அடர்த்தி.

மூன்றாம் நாள் வடுகபட்டியில் ஒரு கல்யாணம். எங்கள் தெருவே வேன் பிடித்துப் போய்விட்டது. நான் தலைவலி என்று சொல்லி நின்றுகொண்டேன். உச்சி வெயிலில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். கலவை போட்டவர்கள் அதற்குத் தண்ணீர் ஊற்றாமல் போயிருந்ததால் சிமெண்டு சரியாக இறுகவில்லை. சுற்றி நெம்ப நெம்பக் கல் ஆடிக்கொடுத்தது. கடைசியில் உருவிக்கொண்டு மேலே வந்தது. சிமெண்டுக் கட்டி மட்டும் மண்ணுக்குள்ளேயே நின்றது, நடுவில் சதுரமாக ஒரு குழியோடு. குழியின் விளிம்பில் மஞ்சள் பெயின்ட் ஒட்டியிருந்தது.

கல்லை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அக்கா பந்தலுக்குள் நடந்தேன். நாற்பத்திரண்டு எட்டு. இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நடுப் பந்தலில் குழி தோண்டி நட்டு, மண்ணை மிதித்து இறுக்கி, மேலே சருகைத் தள்ளிவிட்டேன். திரும்பி வந்து அந்தச் சிமெண்டுக் கட்டியைத் தோண்டப் பார்த்தேன். பானை அளவுக்கு ஆழமாக இறங்கியிருந்தது, அசையவில்லை. அதற்குள் வாய்க்கால் பக்கம் பைக் சத்தம் கேட்டது. தொழுவத்திலிருந்து நாலு கூடை குப்பையை அள்ளி வந்து அதன் மேல் கொட்டினேன். பைக் நிற்காமல் போய்விட்டது.

எனக்கு நானே என்னவெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். கிணறு இருவருக்கும் பொது, கிணறு பிழைத்தால் அக்காவும் பிழைப்பாள். அக்காவின் கொடி பழசு, எப்படியும் இரண்டு மூன்று வருடத்தில் பந்தலைப் பிரிக்கத்தான் போகிறாள். நான் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை, இருக்கிற கெடுதலைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். இப்படி. எங்கள் ஊரில் நிலம் என்றால் கல்தான். வரப்புக்கல் இருக்கிற இடம் வரப்பு, தாலுகா ஆபீஸே வந்தாலும் முதலில் கல்லைத்தான் தேடுவார்கள். கல் நகர்ந்தால் குழாயும் நகரும் என்று நான் முழுசாக நம்பினேன். பி.காம். படித்த புத்தி.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். பையை வீட்டில் வைத்த கையோடு பந்தலுக்குப் போய்விட்டு என்னிடம் வந்தாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"ஏத்தா, எம் பந்தலு நடுவுல மஞ்சக் கல்லு நட்டிருக்காக. நீ பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"தடுக்கலையா நீ?"

"கேக்காம நட்டுட்டுப் போயிட்டாக."

அவள் வீட்டுக் கதவில் செருகியிருந்த ஒரு நோட்டீசை நீட்டினாள். வாசிக்கச் சொன்னாள். பட்டா இன்னும் மாமனார் பேரில் கூட்டாகத்தான் இருந்தது, அதனால் இரண்டு ஏக்கருக்கும் ஒரே நம்பர். யார் பக்கம் என்று அந்தக் காகிதத்தில் இல்லை. எனக்கு நல்ல காலம் என்று நினைத்தேன். வாசித்துக் காட்டினேன். கல்லுக்கால் கூடாது, பந்தல் கூடாது என்ற வரி வந்தபோது நிறுத்தித் தண்ணீர் குடித்தேன்.

அதற்குப் பிறகு ஊரே பயத்தில் கிடந்தது. மந்தைத் திடலில் கூட்டம் போட்டார்கள், மனு எழுதினார்கள். மனுவை எழுதியதும் நான்தான். எங்கேயோ குழாய் வெடித்துத் தீ எரிகிற வீடியோவை ஒவ்வொருத்தரும் செல்லில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். டீக்கடைக்காரர், "நம்ம சிலிண்டரு வெடிச்சா வீடு போகும், இது வெடிச்சா கம்பமே போகும்" என்று டீ ஆற்றிக்கொண்டே சொல்வார். எனக்கு அடுப்புப் பற்றவைக்கவே பயமாக இருந்தது. மோட்டார் நின்ற பிறகு குழாயில் காற்று இழுக்கும் சத்தம் வருமே, அதைக் கேட்டாலே ஓடிவந்து வெளியே நிற்பேன். ஆனால் எனக்கு அவர்களுக்கு இல்லாத இன்னொரு பயமும் இருந்தது. குப்பைமேடு மழையில் கரைந்துவிடுமோ, கோழி கிளறிவிடுமோ, நாய் தோண்டுமோ என்று. தினமும் இரண்டு கூடை குப்பையை அதன் மேலேயே கொட்டினேன். மேடு என் இடுப்பளவு வளர்ந்தது.

"கிணத்தடியில கொண்டாந்து எதுக்குத்தா குப்பையக் குமிக்கிற, ஈயா மொய்க்குது" என்று அக்கா சாவி வாங்கும்போது கேட்டாள்.

"மக்கட்டும்க்கா, வாழைக்குப் போடணும்" என்றேன்.

ஒரு மாதம் கழித்து அந்தக் கண்ணாடிக்காரர் மட்டும் திரும்பி வந்தார். கையில் நீளமான கம்பு, அதன் தலையில் குடை மாதிரி ஒரு கருவி. செல்லைப் பார்த்துக்கொண்டே நடந்தவர் நேராக வந்து என் குப்பைமேட்டின் முன்னால் நின்றார்.

"கல்லு எவிடே சேச்சி?"

"எந்தக் கல்லு?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், குப்பையைப் பார்த்தார். கோபப்படவில்லை. இந்த மாதிரி எத்தனையோ இடத்தில் பார்த்திருப்பார் போல.

"கல்லு போனா போகட்டே. அது நீங்க பார்க்கிறதுக்கு. பாயிண்ட் எல்லாம் சாட்டிலைட் வச்சு கம்ப்யூட்டர்ல உண்டு. கல்லு எங்க இருந்தாலும் குழாய் இதுல கூடித்தான் போகும்." சொல்லிக்கொண்டே கம்பால் குப்பையைக் குத்திக் காட்டினார். பிறகு வந்து வேறு கல் வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். வரவே இல்லை.

நான் அங்கேயே நின்றேன். குழாய் என் கிணற்றின் வழியாகத்தான் போகும். அக்காவின் பந்தலை அது தொடக்கூடத் தொடாது. நான் சுமந்த கல், நாற்பத்திரண்டு எட்டு, எல்லாம் சும்மா. அந்தக் கல்லால் குழாய் ஒரு அங்குலம் நகரவில்லை. நகர்ந்தது அக்காவின் நிம்மதி மட்டும்தான்.

அன்று சாயங்காலம் சாவி கொடுக்க வந்தபோது அக்கா கேட்டாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அளக்குறவரு வந்தாராமே, ஏதும் சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலக்கா. பாத்துட்டுப் போயிட்டாரு."

அவள் உடனே போகவில்லை. மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்தாள். அவள் கொடிக்குக் கவாத்து நேரம், பழைய கிளையை வெட்டிவிடும் நேரம், வந்திருந்தது. திராட்சைக்காரர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். இன்றைக்குக் கவாத்து வெட்டினால் நாலு மாதம் உரமும் மருந்தும் உழைப்பும் கொட்டித்தான் கொத்தைப் பார்க்க முடியும். நடுவில் நிறுத்த முடியாது. கவாத்து பண்ணாமல் விட்டால் கொடி காடாகிப் போகும். வெட்டு, இல்லாவிட்டால் பிரி, இரண்டில் ஒன்றுதான்.

"நாலு மாசம் பாடுபட்டு, பழம் கறுக்கிற நேரத்துல அவிங்க மிசினு வந்துச்சுன்னா என்னத்தா செய்ய? மிசினு ஏறுனா கல்லுக்காலும் நொறுங்கும், கம்பியும் போகும். இப்பப் பிரிச்சா காலயாச்சும் காப்பாத்தலாங்குறாக எல்லாரும். நீ படிச்சவ. நீ சொல்லு. கவாத்து பண்ணவா, பிரிச்சுரவா?"

இதுதான் அந்த இடம். ஒரு வார்த்தை போதும். கவாத்து பண்ணுங்கக்கா, உங்க பந்தலுக்கு ஒன்றும் ஆகாது. எப்படித் தெரியும் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொன்னால் குப்பைமேட்டைக் காட்ட வேண்டும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் என்று என்னைப் பற்றித் தெருவில் பேச்சு. வேண்டாத இடத்தில் பேசி, பேச வேண்டிய இடத்தில் சும்மா இருந்தேன்.

"உங்க இஷ்டம்க்கா" என்றேன்.

அடுத்த வாரம் ஐந்து ஆட்கள் வந்தார்கள். முதலில் கம்பியை அறுத்துவிட்டார்கள். பச்சை இலையோடு பந்தல் ஒரு பக்கமாகச் சரிந்து தரையில் படுத்தது. பிறகு கொடியை ஒவ்வொன்றாக அடியில் ரம்பம் போட்டார்கள். என் முழங்கை பருமன் இருந்த கொடிகள். தண்ணீர் கட்டி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, அறுத்த இடத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அக்கா ஒரு ஓரமாக நின்று பார்த்தாள். அழவில்லை. ஆட்களுக்கு மோர் கலக்கச் சொல்லி என்னிடம் சொன்னாள், நான் கலக்கிக் கொடுத்தேன். என் கை அன்றைக்கு அவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்தது. நிமிர்ந்து பார்க்காமல் இருக்க வேலை வேண்டியிருந்தது.

பந்தல் போன பிறகு நடுவில் அந்த மஞ்சள் கல் மட்டும் தனியாகத் தெரிந்தது. முன்பு இலை மறைத்திருந்தது. இப்போது என் வீட்டு வாசலில் இருந்து பார்த்தாலே தெரிந்தது. அக்கா அந்த நிலத்தில் தட்டைப்பயறு விதைத்தாள். பிழைப்பு ஓட வேண்டுமே என்று பக்கத்துத் தோட்டத்தில் கொத்து வெட்டும் கூலிக்கும் போனாள். சொந்தமாக ஒரு ஏக்கர் பன்னீர் வைத்திருந்தவள்.

தை பிறந்து கொஞ்ச நாளில் என் வீட்டுக்காரர் ஜீப் ஸ்டாண்டிலிருந்து போன் போட்டார். கடற்கரை முனையம் ரத்தாம். கம்பெனி கைவிட்டுவிட்டதாம். கப்பல் வராது, கப்பல் வராவிட்டால் வாயு இல்லை, வாயு இல்லாவிட்டால் குழாய் எதற்கு. மந்தையில் வெடி போட்டார்கள். மனு எழுதியவள் என்று என் வாயில் ஒரு லட்டைத் திணித்தார்கள். கிணறு பிழைத்தது. நான் நினைத்தது நடந்துவிட்டது. லட்டை யாரும் பார்க்காமல் முந்தானையில் துப்பிக்கொண்டேன்.

கூட்டத்தில் அக்கா என் பக்கத்தில்தான் நின்றாள். வெடிச் சத்தம் அடங்கின பிறகு கேட்டாள்.

"அப்ப எம் பந்தலு?"

டீக்கடைக்காரர்தான், "உசுரு தப்பிச்சோம்ல மதினி, கொடி போனா வருது" என்றார்.

மறுநாளே அவரவர் நிலத்துக் கல்லைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் மூன்று ஆள், இரண்டு கடப்பாரை. கல்லோடு சிமெண்டுக் கட்டியும் பெரிய சேனைக்கிழங்கு போல ஒட்டிக்கொண்டு வந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"வாத்தா, நம்ம ரெண்டு பேரும் புடுங்கிருவோம்."

நான் போனேன். போகாமல் என்ன செய்வது. அவள் கடப்பாரையை ஒரே ஒரு தடவை கொடுத்து நெம்பினாள். கல் கடலைச் செடி மாதிரி வந்துவிட்டது. பிடித்த வேகத்தில் அக்கா பின்னால் உட்கார்ந்தே விட்டாள். கல்லின் அடியைத் திருப்பிப் பார்த்தாள். வெறும் மண்.

"எல்லாத்துக்கும் சிமெண்டு இருக்கு. நமக்கு மட்டும் வைக்கலையே."

நான் குழிக்குள் மண்ணைத் தள்ள ஆரம்பித்தேன்.

"காண்ட்ராக்டரு தின்னுருப்பான்" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். "இதுலயுமா திங்கிறது." துணி துவைக்க ஆகும் என்று கல்லைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டாள். அது இருக்க வேண்டிய இடத்துக்கு ஆறு எட்டு தள்ளி.

புதுக் கொடி வைப்பது என்று அக்கா முடிவு செய்தாள். கல்லுக்கால்களை அடுக்கிக் காப்பாற்றி வைத்திருந்தாள், அதையே திரும்ப நட்டாள். குழி எடுத்தாள். குழிக்கு மக்கின குப்பை வேண்டும்.

"உன் குப்பையக் குடுத்தா. நீதான் வாழைக்குப் போடவே இல்லையே."

"நான் டிராக்டருல வேற லோடு அடிச்சுத் தர்றேன்க்கா. இது சரியா மக்கல."

"மக்காம என்ன, வருசம் ஆகப்போகுது. நாளைக்கு ரெண்டு ஆளக் கூட்டிட்டு வாரேன்."

அவளுக்கு முன்னால் விடியற்காலையிலேயே போய்த் தோண்டி எடுத்துவிட வேண்டும் என்று திட்டம். விடிந்தும் விடியாமல் கடப்பாரையோடு போனேன். அக்கா ஏற்கனவே அங்கே இருந்தாள், கூடையும் இரண்டு பெண்களுமாக. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்று சீக்கிரம் வந்தாளாம். என் கையில் கடப்பாரையைப் பார்த்து, "குப்பைக்கு எதுக்குத்தா கடப்பாரை" என்றாள்.

நானும் கூடை எடுத்தேன். மேட்டின் ஓரத்தில் இருந்தே அள்ளிக்கொண்டிருந்தேன், நடுவை யாரும் தொடாதபடி முன்னால் நின்றேன். ஆனால் குப்பை குறையத்தானே செய்யும். எட்டரை மணி வாக்கில் அக்காவின் மண்வெட்டி டங்கென்று எதிலோ பட்டது. குனிந்து கையால் தள்ளினாள். சிமெண்டு. இன்னும் தள்ளினாள். நடுவில் சதுரக் குழி. விளிம்பில் மஞ்சள்.

பிறகு அந்த இரண்டு பெண்களையும் டீ குடித்துவிட்டு வரச் சொன்னாள். அவர்கள் போனதும் தொட்டிக்குப் பக்கத்தில் போய்த் துவைகல்லைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழியில் இருந்த குப்பையை விரலால் வழித்து எடுத்தாள். கல்லை இறக்கினாள். சரியாக உட்கார்ந்தது. நம்பர் கிணற்றைப் பார்த்து இருந்தது, அவர்கள் வைத்த அன்றைக்கு இருந்தது போலவே.

"எப்ப?" என்றாள்.

"நீங்க தேவாரத்துல இருந்தப்பக்கா."

"அவனுக்குத் தெரியுமா?" என் வீட்டுக்காரரைக் கேட்டாள்.

"தெரியாது."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். இப்போது திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், ஊரைக் கூட்டுவாள் என்று நான் நின்றேன். அப்படிச் செய்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். எங்கள் ஊரில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. திட்டி, அழுது, மூன்று மாதம் பேசாமல் இருந்து, ஒரு கல்யாணத்திலோ காதுகுத்திலோ சேர்ந்துகொள்வோம்.

"கவாத்தா, பிரிக்கவான்னு உன்கிட்ட வந்து கேட்டேன். எம் பந்தலுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அன்னைக்கு உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்குத் தெரியாது, பிறகுதான் தெரிந்தது என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். அவள் நம்பத் தயாராகத்தான் என் முகத்தைப் பார்த்தாள். எனக்குத்தான் இனிமேல் சுமக்கத் தெம்பில்லை.

"தெரியும்க்கா."

அக்கா முந்தானையால் கையைத் துடைத்தாள். கூடையை எடுத்தாள்.

"இன்னும் நாலு கூடை கிடக்கு. அவளுக வாரதுக்குள்ள அள்ளிருவோம்" என்றாள். அள்ளினோம்.

மறுநாள் சாயங்காலம் அவள் முறை முடிந்து மோட்டார் நின்ற சத்தம் கேட்டது. சாவி கொண்டுவருவாள் என்று வாசலில் நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று நாள் முழுக்க யோசித்து வைத்திருந்தேன். அக்கா மோட்டார் ரூமைப் பூட்டினாள், நான் நிற்பதைப் பார்த்தாள். சாவியை அந்தக் கல்லின் மேல் வைத்துவிட்டு வரப்பில் ஏறிப் போய்விட்டாள்.

யாரிடமும் அவள் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம் முன்பு போலத்தான் பேசுகிறாள். அவள் புதுக் கொடி கம்பி ஏறிவிட்டது, வரும் கவாத்துக்குக் காய் பிடிக்கும் என்கிறார்கள். பொது இடத்தில் எதிரே பட்டால் சாப்பிட்டியா என்றுகூடக் கேட்கிறாள். சாவி மட்டும் கைக்கு வருவதில்லை. கல்லைப் பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று ஒரு நாள் கடப்பாரை எடுத்தேன். பிடுங்கினால் சாவியை எங்கே வைப்பாள் என்று தோன்றியது. வைக்க இடமில்லாமல் மோட்டார் போடவே வராமல் போய்விடுவாளோ என்று பயந்து திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது முனையம் திரும்ப வரப்போகிறது என்று செல்லில் ஒரு செய்தி சுற்றுகிறது. டீக்கடையில் பழையபடி பயந்து பேசுகிறார்கள், என்னிடம் மனு எழுதித் தரச் சொல்லி வந்தார்கள். எழுதிக் கொடுத்தேன். குழாய் என்றால் இப்போது எனக்குப் பயமில்லை. ஒன்றுவிட்ட ஒரு நாள் சாயங்காலம் மோட்டார் நிற்கும். அதற்குப் பிறகு கல்லின் மேல் பேரிங் வைக்கும் சத்தம் டங்கென்று கேட்கும். எனக்கு அதற்குத்தான் பயம். அவள் வரப்பு தாண்டிப் போகும்வரை உள்ளேயே இருந்துவிட்டு, பிறகு போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு வருகிறேன்.